உப்புக் காற்றில் சோலார்: ராமநாதபுரம் கடற்கரையில் மாடியில் பேனல் போடப் போகிறவர்களுக்கு

எங்கள் வீட்டில் முதல் தடவை சோலார் போட்டு மூன்றாவது வருஷம், பேனலைத் துடைக்க மாடிக்குப் போனவன் ஓரத்துக் கிளாம்பைப் பிடித்தேன், போல்ட்டின் தலை அப்படியே கையோடு வந்துவிட்டது. வீடு மண்டபம் பக்கம், கடல் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. பேனல் நன்றாக இருந்தது, அதன் டி.சி. கரண்ட்டை வீட்டுக்கான ஏ.சி. கரண்ட்டாக மாற்றும் இன்வர்ட்டரும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் இரண்டையும் தாங்கி நின்ற இரும்பு உள்ளுக்குள் பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்தது. போட்டுக் கொடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். போன் செய்தால் "உப்புக் காத்துக்கெல்லாம் வாரண்டி வராது சார்" என்று வைத்துவிட்டார்கள். ஸ்ட்ரக்சர் என்கிற அந்த இரும்புத் தாங்கியை முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன். அந்த வேதனை இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துக்குச் சோலார் புதிதில்லை. கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது, அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பேசினார்கள். ஆனால் வீட்டு மாடிகளில் கூட்டம் சேர்ந்தது 2024 பிப்ரவரியில், வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்த பிறகுதான். ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2025 ஜனவரியில் நாட்டின் சோலார் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டியது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு சோலார் பேனர் தொங்குகிறது. தொழில் இப்படி ஓடும்போது வேலை தெரிந்த ஆட்கள் அதே வேகத்தில் உருவாவதில்லை, அதனால் மதுரையில் மாட்டுகிற அதே இரும்பை, அதே நட்டை இங்கேயும் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கமுதி கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது, அங்கே தொல்லை தூசி, துடைக்க ரோபோ வைத்திருக்கிறார்கள். நமக்குத் தொல்லை உப்பு. அதற்கு ரோபோ கிடையாது, போடும்போதே சரியாகப் போட வேண்டியதுதான்.

முதலில் எத்தனை கிலோவாட் என்று கணக்குப் போடுங்கள்

கடைக்காரர் 3 கிலோவாட் என்றுதான் ஆரம்பிப்பார், ஏனென்றால் மானியம் அங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் ஏறாது. உங்கள் கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். நம்மூரில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும், 480 யூனிட் அதிலேயே வந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 500 யூனிட்டைத் தாண்டிய பிறகு வரும் யூனிட் ஒவ்வொன்றுக்கும் 8 ரூபாய்க்கு மேல் போகிறது, அந்த மேல்தட்டு யூனிட்டைக் குறைப்பதில்தான் சோலாரின் முழு லாபமும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட் மட்டும் ஓட்டுகிற வீடு என்றால், முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், மீதிக்கும் குறைந்த கட்டணம்தான், போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். அவர்களிடம் நான் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏசி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். மிஞ்சியதை ஈ.பி.க்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சொல்லி 5 கிலோவாட் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பை வைத்து அளவு போடாதீர்கள்.

ஸ்ட்ரக்சர்: உங்கள் காசு முதலில் போக வேண்டிய இடம்

என் போல்ட் உடைந்த கதையைக் கேட்டுவிட்டு பக்கத்துத் தெருவில் விசைப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, போட்டுக்கு என்ன போல்ட்டு போடுறோமோ அத வாங்கிப் போடுங்க, கடல்ல நிக்கிறது மாடியில நிக்காதா?" அவ்வளவுதான் விஷயம். எந்தப் படகுக்காரரும் சாதாரண இரும்பு நட்டை எஞ்சினில் மாட்ட மாட்டார். நம் வீட்டு மாடியும் கரையில் ஏற்றி வைத்த படகு மாதிரிதான், இருபத்தைந்து வருஷம் உப்புக் காற்றிலேயே நிற்கப் போகிறது.

ஸ்ட்ரக்சர் இரும்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தகடாக இருக்கும்போதே துத்தநாகம் பூசி, அப்புறம் வளைத்துக் குழாயாக்கி விற்பது. பார்க்க வழவழவென்று மினுமினுப்பாக இருக்கும், பூச்சு மெல்லியது. இன்னொன்று, வெட்டி ஓட்டை போட்டு முடித்த பிறகு உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுப்பது, இதைத்தான் ஹாட் டிப் என்கிறார்கள். சற்று மங்கலாக, கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது, 80 மைக்ரான் பூச்சு என்று கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். "ஜி.ஐ. ஸ்ட்ரக்சர்" என்று மட்டும் எழுதியிருந்தால், துத்தநாகம் பூசிய இரும்பு என்றுதான் அதற்கு அர்த்தம், இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், என் முதல் கொட்டேஷனில் அப்படித்தான் இருந்தது, நானும் ஜி.ஐ. என்றால் ஜி.ஐ.தானே என்று கையெழுத்துப் போட்டேன்.

நல்ல இரும்பு வாங்கியும் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. மாடியில் வைத்து அளவுக்கு வெட்டுவார்கள், டிரில் போடுவார்கள், வெல்டிங் வைப்பார்கள். வெட்டிய முனையிலும் ஓட்டையின் உள்பக்கத்திலும் பூச்சு கிடையாது, துரு அங்கே நுழைந்து பூச்சுக்கு அடியில் ஓடும். முடிந்தவரை எல்லாம் முன்கூட்டியே வெட்டி ஓட்டை போட்டுப் பூச்சுப் பூசி வர வேண்டும், போல்ட் போட்டு மாட்டுவது மட்டும்தான் மாடியில் நடக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வெட்டினால் அன்றைக்கே துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளி நிறத்தில் இருக்கிற சாதாரண அலுமினியப் பெயிண்டை அடித்துவிட்டு அதுதான் இது என்பார்கள். டப்பாவை வாங்கிப் பாருங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இதைவிட அலுமினிய ஸ்ட்ரக்சர் நல்லது என்பது என் எண்ணம், விலை கூடுதல்தான், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் யோசிக்காமல் அதற்கே போகலாம்.

நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும், அதிலும் 316 ரகம். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்கு 304 போதும், கடலோரத்தில் அதுவும் பழுப்பேறும். எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், டக்கென்று இழுத்துப் பிடித்தால் அது வெறும் இரும்பில் முலாம் பூசியது. எஸ்.எஸ். என்றால் பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். 304க்கும் 316க்கும் காந்தத்தில் வித்தியாசம் தெரியாது, போல்ட் தலையைப் பாருங்கள், ஏ2 என்று பொறித்திருந்தால் 304, ஏ4 என்றிருந்தால் 316. மொத்த வேலையில் போல்ட்டுக்கு ஆகிற கூடுதல் செலவு ஒரு குடும்பம் ராமேஸ்வரம் போய் சாப்பிட்டு வருகிற செலவுதான், அதைக் குறைக்கப் போய்த்தான் நான் மொத்தமாக இழந்தேன்.

இன்னொன்று, வேறு வேறு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். பேனலின் சட்டம் அலுமினியம், கீழே இரும்பு, நடுவில் எஸ்.எஸ். போல்ட், ஆகவே நடுவில் ரப்பரோ நைலான் வாஷரோ வர வேண்டும். எர்த்துக்காகச் செம்புக் கம்பியை நேராக அலுமினியச் சட்டத்தில் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசம், அந்த இடம் சீக்கிரமே வெள்ளைப் பொடியாக உதிரும். கம்பி முனையில் மாட்டும் வளையம், லக் என்பார்கள், வெள்ளீயம் பூசியதாகப் போட்டு முறுக்கச் சொல்லுங்கள்.

உயரமும் காற்றும்

எட்டடி, பத்தடி உயரத்தில் பந்தல் மாதிரி பேனல் போட்டு, கீழே துணி காயப்போடவும் உட்காரவும் இடம் விடுவது இப்போது தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னார் வளைகுடா பக்கம் கச்சான் காற்று எப்படி அடிக்கும், பாக் விரிகுடா பக்கம் வாடைக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கப் பார்க்கும், உயரம் கூடக் கூட அந்த இழுப்பும் கூடும். 2018இல் கஜா புயல் வேதாரண்யத்தில்தான் கரை ஏறியது, அடுத்தது எங்கே ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வழியிருந்தால் தாழ்வாகப் போடுங்கள், காற்றோட்டத்துக்கு அடியில் ஓரடி, ஒன்றரையடி இடைவெளி இருந்தால் போதும். அந்த இடைவெளியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.3 சதவீதம். மத்தியான வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று அர்த்தம். உயரமாகத்தான் வேண்டும் என்றால் பொறியாளரிடம் காற்று வேகக் கணக்குப் போட்டு எழுதி வாங்குங்கள்.

சாய்வைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். நாம் 9 டிகிரி அட்சரேகை சொச்சத்தில் இருக்கிறோம், தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு சரியாக இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, அதனால் கிழக்கு மேற்காகத் தாழ்வாகப் போட்டாலும் பெரிய நஷ்டம் வராது. சாய்வே இல்லாமல் தட்டையாக மட்டும் போடாதீர்கள், மழைத் தண்ணீர் ஓரத்தில் தேங்கி உப்பும் அழுக்கும் பட்டையாகப் படியும். பனை நிழல், தண்ணீர்த் தொட்டி நிழல் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்.

அப்புறம் தளம். கடலோரத்துப் பழைய வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது சகஜம். உள்ளே அண்ணாந்து பாருங்கள், கூரையில் வெடிப்போ துருக்கறையோ இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், சோலார் பிறகு. நல்ல தளமாக இருந்தாலும் ஓட்டை போட்டு ஆங்கர் அடிப்பதைவிட, மேலே காங்கிரீட் கட்டை வார்த்து அதில் கால் ஊன்றுவதே எனக்குப் பிடித்தது. ஓட்டை வழியாக இறங்கும் உப்பு ஈரம் உங்கள் வீட்டுக் கம்பியைத் தேடித்தான் போகும். கட்டையின் எடையைத் தளம் தாங்குமா, காற்றின் இழுப்புக்கு அந்த எடை போதுமா என்று இரண்டையும் கேளுங்கள்.

பேனல், இன்வர்ட்டர், வயர்

பேனலில் இப்போது டாப்கான் ரகம் பரவலாகக் கிடைக்கிறது, சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மானியம் வேண்டுமென்றால் பேனலும், அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், டி.சி.ஆர். பேனல் என்பார்கள். நம்மூருக்கு என்று கேட்க வேண்டியது ஐ.இ.சி. 61701 சான்றிதழ், உப்புப் புகையில் வைத்துச் சோதித்ததற்கான சான்று அது. கூடவே அந்தக் கம்பெனியின் நிறுவல் கையேட்டை வாங்கி, கடலிலிருந்து எத்தனை மீட்டருக்குள் போட்டால் வாரண்டி செல்லாது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் 50 மீட்டர் என்கின்றன, சில 500 மீட்டர் என்கின்றன. பாம்பன், தங்கச்சிமடம் வீடுகளுக்கு இந்த ஒரு வரிதான் தலையெழுத்து.

இன்வர்ட்டரை மாடியில் வைக்கவே வைக்காதீர்கள். கடலைப் பார்த்த சுவரிலும் வேண்டாம். நிழலான, காற்று வருகிற, மழை படாத உள்சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும், மாடிப்படிக்குக் கீழே தரையோடு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன அளவுக்கு விசிறி இல்லாத மாடலே நல்லது, விசிறி இருந்தால் உப்புக் காற்றை உள்ளே இழுக்கும். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடச் சொல்லுங்கள், பல்லி ஒன்று உள்ளே போனால் போதும். வயரைத் தகரத் தட்டில் ஓட்டாமல் பிளாஸ்டிக் குழாயில் ஓட்டுங்கள். கனெக்டர்கள் தரையில் கிடக்கக் கூடாது, ஒரு ஜோடியில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பு சூடேறி உருகும்.

எர்த்து தனித்தனியாக மூன்று வேண்டும்: பேனல் பக்கத்து டி.சி.க்கு ஒன்று, வீட்டுப் பக்கத்து ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. நம் மணலில் ஈரம் நிற்காது, வெறும் குழாயை அடித்துவிட்டுப் போனால் வேலை செய்யாது, சுற்றிலும் ஈரம் பிடிக்கும் கலவை போடுகிற கெமிக்கல் எர்த்திங் போட்டு 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று நினைத்துப் போடுகிறவர்கள் நிறைய. ஓடாது. கம்பத்தில் வேலை செய்கிற மின்வாரிய ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, லைன் போனதும், ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் இன்வர்ட்டர் தானாகவே நின்றுவிடும். கரண்ட் இல்லாத நேரத்திலும் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் தனி, செலவும் தனி. மத்தியானம் நல்ல வெயிலில் இன்வர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடினால் பெரும்பாலும் லைனில் வோல்டேஜ் கூடுதலாக இருக்கும், டிரான்ஸ்பார்மருக்குத் தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது வரும். போட்டோ எடுத்து ஈ.பி. ஆபீசில் எழுத்தில் கொடுங்கள்.

காகித வேலை

பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் உங்கள் ஈ.பி. சேவை எண்ணைப் போட்டு நீங்களே பதியலாம், யாருக்கும் கமிஷன் தர வேண்டாம். இங்கே பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள், அதற்கு முன் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 10 கிலோவாட் வரைக்கும், லைன் தாங்குமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதியைத் திருத்திவிட்டார்கள், ஈ.பி.யிலிருந்து எடுப்பதையும் ஈ.பி.க்குக் கொடுப்பதையும் அளக்கும் நெட் மீட்டரை மாட்டி இயக்கிவைக்க 15 நாள்தான் கெடு. இழுத்தடித்தால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். மானியம் வேலை முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியத்தைக் கழித்துக்கொண்டேன்" என்று யாராவது சொன்னால் கணக்கைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்தில் மொத்தம் 8.9 சதவீதம் வரும். பழைய 13.8ஐப் போட்டிருந்தால் கேளுங்கள்.

யாரிடம் போடுவது? விலையைக் கேட்பதற்கு முன், கடலோரத்தில் அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் போட்டது எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். போய் மாடியேறி போல்ட்டைப் பாருங்கள், அந்த வீட்டு அக்காவிடம் சர்வீசுக்கு ஆள் வருகிறார்களா என்று கேளுங்கள். திட்டத்தில் போடுகிறவர் 5 வருஷம் பராமரிக்க வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம். "துருப்பிடித்தால் மாற்றித் தரப்படும், கடலோரம் என்ற காரணம் சொல்லப்படமாட்டாது" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன் இரண்டாவது தடவை. மூன்று பேர் மறுத்தார்கள், நான்காவது ஆள் எழுதிக் கொடுத்தார், அவரிடம்தான் போட்டேன்.

போட்ட பிறகு

பேனலில் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். கரிமூட்டம் போடுகிற பக்கம் என்றால் கரியும் சேரும், காக்கை எச்சம் வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறுவதற்கு முன்னால், மெல்லிய துணி கட்டிய துடைப்பானால் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழலாம். போர் தண்ணீர் வேண்டாம், நம்மூர்ப் போர் பாதி உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழுந்து அது போகவே போகாது. குடிநீருக்கு வருகிற காவிரித் தண்ணீரில் இரண்டு குடம், அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணீர் போதும். கண்ணாடியோடு நிறுத்தாமல் அடியில் இருக்கும் சட்டத்தையும் கிளாம்பையும் கழுவுங்கள், மேல்பக்கத்தை மழை கழுவும், அடிப்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை, துரு அங்கேதான் தொடங்கும்.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் துபாயில் இருக்கிறார், வீடு பூட்டியே கிடக்கிறது. அவர் செல்போனில் தினம் எத்தனை யூனிட் என்று பார்க்கிறார், நாலு நாள் தொடர்ந்து குறைந்தால் மச்சானுக்குப் போன் போட்டு மாடியேறச் சொல்கிறார். ஊரில் இருக்கிற நாமும் அப்படிப் பார்ப்பது நல்லது, ஈ.பி. பில் வந்த பிறகுதான் தெரிந்தால் இரண்டு மாதம் போய்விட்டிருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதம் கச்சானுக்கு முன்னும் செப்டம்பரில் வாடைக்கு முன்னும், ஒரு ஸ்பேனரோடு மாடியேறி எல்லாப் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். ஆடினால் முறுக்குங்கள், பழுப்பேறியிருந்தால் மாற்றுங்கள், பூச்சு உரிந்த இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடியுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஏ.சி., டி.சி. இரண்டு சுவிட்சையும் அணைத்துவிட்டு, மாடியில் கிடக்கும் தகரம், வாளி, கருவாடு காயவைக்கும் தட்டி எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள், பேனல் கண்ணாடி உடைவது பெரும்பாலும் பறந்து வந்து விழும் பொருளால்தான். உடைந்த பேனலை வெறும் கையால் தொட வேண்டாம், வெயில் பட்டால் அதிலும் கரண்ட் இருக்கும். பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள், 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது, போட்டுக் கொடுத்தவரையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.